மலடி மகன்

இல்லவே இல்லாத பொருளுக்குத் தர்க்க நூலார் மூன்று உதாரணம் சொல்வார்கள். முயற்கொம்பு, ஆகாயத்தாமரை, மலடி மகன். முதுகலை வகுப்பில் தத்துவத் தாள் நடத்தும்போது ஆண்டுதோறும் இந்த இடத்துக்கு வந்து சேர்வேன். முயலுக்குக் கொம்பு முளைக்காது. வானத்தில் தாமரை பூக்காது. மூன்றாவதில்தான் தர்க்கம் இடறுகிறது. மலடி என்று ஊர் முத்திரை குத்திய பெண், அந்தக் கணவன் செத்த பிறகோ அவனை விட்டு வந்த பிறகோ இன்னொருவனோடு வாழ்ந்து பிள்ளை பெற்ற கதை இல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? அந்தப் பிள்ளை யார்? முயற்கொம்பா?

உரை எழுதிய புலவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அவர்களும் ஊரில் வாழ்ந்தவர்கள்தான். ஆனாலும் ‘மலடன் மகன்’ என்று அவர்கள் எழுதவில்லை. மொழியில் தடை ஏதுமில்லை. அன் விகுதி சேர்த்தால் சொல் பிறந்துவிடும். தடை வேறிடத்தில் இருந்தது. மலடன் மகன் என்று சொல்லியிருந்தால் பாடம் கேட்ட மாணாக்கர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார்கள். மலடனுக்கு மகன் இருப்பது நடக்கக்கூடியது, நடந்துகொண்டும் இருப்பது. ஆணின் மலட்டைப் பெண்ணின் வயிறு மூடி மறைத்துவிடும். பெண்ணின் மலட்டை, அது அவளுடையதே இல்லாதபோதும், மறைக்க எதுவும் இல்லை.

தசரதனை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டத்து அரசியர் மூவர். மூவருக்கும் பிள்ளையில்லை. கணக்குத் தெரிந்த எந்தக் குழந்தையும் குறை எங்கே இருக்கக்கூடும் என்று விரலை நீட்டிவிடும். ஆனால் வேள்வித் தீயிலிருந்து வந்த பாயசத்தைக் குடித்தவர்கள் மூன்று பெண்கள். மருந்து அவர்கள் வாயில். பாரதத்தில் விசித்திரவீரியன் இரண்டு மனைவியரோடு ஏழாண்டு வாழ்ந்து பிள்ளையில்லாமல் செத்துப்போகிறான். அவனுக்காக வியாசன் வருகிறான். அம்பிகை கண்ணை மூடிக்கொண்டாள், அதனால் பிள்ளை குருடாகப் பிறந்தது. அம்பாலிகை வெளிறிப்போனாள், அதனால் பிள்ளை வெளிறிப் பிறந்தது. பரம்பரைக் குறைக்கு நம் இதிகாசம் தந்த விளக்கம் இது. அஞ்சிய பெண்ணின் முகபாவம்!

புராணத்தை விட்டு அறிவியலுக்கு வா என்பார்கள். வருகிறேன். நான் தமிழ் படித்தவள், உயிரியல் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலையில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரை என்பதும் ஒரு பனுவல். அதில் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்று கேட்கும் பழக்கம் எனக்கு உண்டு.

முதலில் நம் தெருச்சுவரிலிருந்து தொடங்குவோம். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கும் மஞ்சள் சுவரொட்டிகள். ஒவ்வொரு மாதமும் இன்ன தேதி இன்ன லாட்ஜில் இன்ன அறை எண்ணில் பரம்பரை வைத்தியர் சந்திப்பு. ‘ஆண்மைக்குறைவு, குழந்தையின்மை’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும். இரண்டும் ஒன்றல்ல. விறைப்பில் எந்தச் சிக்கலும் இல்லாத ஒருவரின் விந்தில் ஒரு விந்தணுகூட இல்லாமல் இருக்கலாம். உறவு கொள்ளவே இயலாதவருக்குக் கோடிக்கணக்கில் விந்தணு இருக்கலாம். ‘ஆண்மை’ என்ற ஒரே சொல்லை இரண்டின் மேலும் போர்த்திவிட்டதால் நடப்பது என்ன? பரிசோதனைக்கு வரச்சொன்னால், படுக்கையில் நீ ஆண்பிள்ளையா என்று கேட்டதாக அவர்களுக்குக் காதில் விழுகிறது. உடனே மீசை துடிக்கிறது.

என் முன்னாள் மாணவி ஒருத்தி. பெயர் வேண்டாம். திருமணமாகி இரண்டாம் ஆண்டிலிருந்து மருத்துவமனைக்கு அலைந்தாள். ஹார்மோன் சோதனைகள், மாதத்துக்கு மூன்று நான்கு முறை உள்வழி ஸ்கேன், கருக்குழாயில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, பிறகு மயக்க மருந்து கொடுத்து வயிற்றில் துளையிட்டு லேப்ராஸ்கோப்பி. ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவமனையில் மறுபடியும் லேப்ராஸ்கோப்பி. இத்தனைக்கும் நடுவில் கணவரின் விந்துப் பரிசோதனை நடக்கவில்லை. “அவனுக்கு என்னடி, சிங்கம் மாதிரி இருக்கான்” என்றாராம் மாமியார். நான்காம் ஆண்டில் ஒரு பெண் மருத்துவர் இந்த அறிக்கை இல்லாமல் இனி ஒரு மாத்திரைகூட எழுதமாட்டேன் என்று கோப்பை மூடிவைத்தபிறகுதான் சிங்கம் கோப்பையைக் கையில் வாங்கியது.

அந்தப் பரிசோதனை என்ன, மலையைப் புரட்டுவதா? இரண்டு முதல் ஏழு நாள் உறவைத் தவிர்க்கவேண்டும். ஒரு கோப்பையில் எடுத்துக் கொடுக்கவேண்டும். அரைமணி நேரம் விட்டால் நீர்த்துவிடும். நுண்ணோக்கியில் எண்ணிப் பார்ப்பார்கள். ஊசி இல்லை, கத்தி இல்லை, மயக்கம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் இதற்கென்று 1980இலிருந்து கையேடு வெளியிட்டுவருகிறது. 2021இல் வந்த ஆறாம் பதிப்பின்படி ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் விந்தணு கீழெல்லை. அசைபவை 42 சதவீதம். சரியான வடிவத்தில் இருப்பவை? 4 சதவீதம் போதும். அதாவது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு தலை பெருத்தோ வால் முறுக்கியோ இருந்தாலும் ஆணுக்கு அறிக்கையில் ‘இயல்பு’ என்றுதான் எழுதலாம். இது மருத்துவ முறைப்படி சரியானதே. பிள்ளை பெற்ற ஆண்களை அளந்து வகுத்த எல்லை அது. நான் குறை சொல்லவில்லை. பெண்ணுடலுக்கும் இந்தப் பெருந்தன்மையில் கொஞ்சம் கிடைத்தால் நன்றாயிருக்கும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன். மாதச்சுழற்சி நான்கு நாள் தள்ளிப்போனால் அவளுக்குக் ‘கோளாறு’.

குழந்தையில்லாத இணைகளில் ஏறக்குறையப் பாதியில் ஆண் தரப்புக் காரணமும் சேர்ந்திருக்கிறது என்பது இன்று பாடநூல் செய்தி. இரகசியம் ஏதுமில்லை. அப்படியிருந்தும் முதல் பரிசோதனை ஏன் அவளுக்கு? கோப்பு ஏன் அவள் பெயரில் தொடங்குகிறது? பெண்நோய் மருத்துவத் துறை ஒவ்வொரு மருத்துவமனையிலும் இருக்கிறது. ஆணின் இனப்பெருக்க மருத்துவத்துக்கு ‘ஆண்ட்ராலஜி’ என்று பெயர் உண்டு. உங்கள் மாவட்டத் தலைநகரில் அந்தப் பெயர்ப்பலகையைத் தேடிப் பாருங்கள். லாட்ஜ் அறை எண்தான் கிடைக்கும்.

1992இல் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜான்பியெரோ பலெர்மோவும் அவர் குழுவினரும் ஒரு புது முறையை அறிவித்தார்கள். ஒரே ஒரு விந்தணுவைக் கண்ணாடி ஊசியில் எடுத்துக் கருமுட்டைக்குள் நேராகச் செலுத்துவது. இக்ஸி என்று இன்று நகரத்து விளம்பரப் பலகைகளில் மின்னுவது இதுதான். ஆணிடம் விந்தணு மிகமிகக் குறைவாக இருக்கும் நிலைக்காகவே இது வந்தது. அதற்கு முன் அத்தகைய இணைகளுக்குப் பெரும்பாலும் கொடையாளியின் விந்து ஒன்றே வழி. கணவனுக்கே உயிரியல் தந்தையாகும் வாய்ப்பைத் தந்ததால் இது பெரிய கண்டுபிடிப்பு, மறுக்கவில்லை. ஆனால் சிகிச்சை நடக்கும் இடத்தைப் பாருங்கள். குறை அவன் உடலில். பத்துப் பன்னிரண்டு நாள் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்பவள் அவள். சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, சில வேளை உயிராபத்துவரை போகும் மிகைத்தூண்டல் வருவது அவளுக்கு. மயக்கத்தில் படுத்திருக்க யோனிச்சுவர் வழியே ஊசி நுழைந்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பது அவளிடமிருந்து. அவனிடம் மறுபடியும் அதே கோப்பை. விந்தில் எதுவும் இல்லாவிட்டால் மட்டும் விதைப்பையில் சிறு அறுவை. இதுதான் இருபதாம் நூற்றாண்டின் பாயசம். இந்தச் சிகிச்சை தோற்றால் அறையைவிட்டு வெளியே வரும் செய்தி என்ன? “அவளுக்கு நிக்கலை.”

கருமுட்டை அசையாமல் காத்திருக்கும் இளவரசி, விந்தணு நீந்திவரும் வீரன் என்று பாடநூல்கள் எழுதுவதை எமிலி மார்ட்டின் என்ற மானிடவியலாளர் 1991இல் பிரித்துக் காட்டினார். ஆய்வுக்கூடம் அதைவிட வேடிக்கையான உண்மையைச் சொல்லியிருக்கிறது. விந்தணு முதிரும்போது தன் உயிரணுச் சாற்றை ஏறக்குறைய முழுவதும் உதறிவிடுகிறது. அதனால் ஆக்சிஜனேற்றத் தாக்குதலைத் தடுக்கும் நொதிகள் அதனிடம் மிகக் குறைவு. தன் டிஎன்ஏ உடைந்தால் தானே பழுதுபார்த்துக்கொள்ளவும் அதனால் பெரும்பாலும் முடியாது. உள்ளே வந்தபிறகு அதைத் தைத்து ஒட்டுப்போடுவது கருமுட்டையின் வேலை. முட்டைக்கு வயதானால் அந்தத் தையலின் திறன் குறையும். அப்போதும் ‘முட்டையின் தரம் சரியில்லை’ என்பார்கள். கிழிந்து வந்தது எது என்று யார் கேட்கிறார்கள்.

வம்சம் என்று வாய் கிழியப் பேசுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமின் நீண்ட கரத்தில் சில பகுதிகள் உதிர்ந்துபோனால் விந்தணு உற்பத்தி குறையும் அல்லது நின்றுபோகும். 1976இல் இத்தாலியர்கள் இருவர் இதை முதலில் சுட்டிக்காட்டினார்கள். இயற்கையில் இந்தக் குறை பொதுவாக அடுத்த தலைமுறைக்குப் போகாது, பிள்ளையே பிறக்காது. ஊசிவழிக் கருவுறுத்தலில் போகும். மகளுக்குப் போகாது, மகனுக்கு மட்டும் போகும், தப்பாமல் போகும். பிரஸ்ஸல்ஸில் அதே மையத்தில் இந்த முறையில் பிறந்து 18 முதல் 22 வயதான 54 இளைஞர்களைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களின் விந்தணு அடர்த்தி, இயல்பாகக் கருத்தரித்துப் பிறந்த இளைஞர்களுடையதில் ஏறக்குறையப் பாதி. ஆண்வாரிசு வேண்டும் என்று நேர்த்திக்கடன் வைப்பவர்களிடம் இதை எந்த மையமாவது எழுத்தில் கொடுத்து விளக்குகிறதா?

இந்த ஆய்வெல்லாம் எந்த உயிரணுக்களின் மேல் நடந்தது? விந்தணு கோப்பையில் கிடைக்கும். கருமுட்டை அப்படிக் கிடைக்காது. 1944 பிப்ரவரியில் பாஸ்டனில் ஜான் ராக்கின் ஆய்வுக்கூடத்தில் மிரியம் மென்கின் என்ற பெண் மனிதக் கருமுட்டையை உடலுக்கு வெளியே முதன்முதலாகக் கருவுறச் செய்தார். ஆறாண்டு முயற்சி. பல் முளைக்கும் கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழித்திருந்து, மறுநாள் களைப்பில் விந்தணுவையும் முட்டையையும் வழக்கத்தைவிட நீண்ட நேரம் சேர்த்து விட்டுவிட்டதால்தான் அது நடந்தது என்று அவரே சொன்னதாக வரலாற்றில் இருக்கிறது. தாய்மையின் தூக்கக்கலக்கம் அறிவியலுக்குச் செய்த உதவி! ஹார்வர்டில் படித்தும் அவருக்கு முனைவர் பட்டம் கைக்கு வரவில்லை. சரி, அவர் பெயராவது கட்டுரையில் இருக்கிறது. அந்த முட்டைகளைக் கொடுத்தவர்கள் கருப்பை அறுவைக்காக இலவச மருத்துவமனைக்கு வந்த ஏழைப் பெண்கள். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. நம் ஊர்க் கதையும் இதுதான். 2022இல் ஈரோட்டில் பதினாறு வயதுச் சிறுமியை, ஆதார் அட்டையில் வயதை மாற்றி, பெற்ற தாயும் தாயின் துணைவனும் பல முறை கருமுட்டை விற்கவைத்த செய்தியில் நாம் தாயைத் திட்டித் தீர்த்தோம். ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கருமுட்டை கொடுக்கலாம் என்ற சட்டம் அப்போது வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. அந்த முட்டைகளுக்கு விலை வைத்தவர்கள் யார், அவற்றை ஏற்றுக்கொண்ட அறைகளில் யாருடைய குறை மறைக்கப்பட்டது என்ற விவாதத்துக்குத் தொலைக்காட்சியில் நேரமில்லை.

மனித உயிரணு ஆய்வு என்றாலே ஹீலா உயிரணுவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஹென்ரியேட்டா லாக்ஸ், ஐந்து பிள்ளை பெற்ற கறுப்பினப் பெண். 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அவரைக் கேட்காமல் எடுத்த துணுக்கு ஆய்வுக்கூடத்தில் சாகாமல் பெருகியது. முப்பத்தொரு வயதில் அவர் செத்துப்போனார். உயிரணு உலகமெல்லாம் போனது. போலியோ தடுப்பூசிச் சோதனை அதில்தான் நடந்தது. அவர் பெயர் ஹெலன் லேன் என்று நெடுங்காலம் தப்பாக எழுதிவந்தார்கள்.

அவர் திரும்பி வந்தது ஒரு நொதியின் வழியாக. ஜி-6-பி-டி என்று சுருக்கமாக அழைக்கும் நொதி எல்லா உயிரணுவிலும் உண்டு. ஆக்சிஜனேற்றத் தாக்குதலிலிருந்து உயிரணுவைக் காப்பது அதன் வேலை. அதில் பரம்பரையாக வரும் வகைகள் பல. 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் வெவ்வேறு மனிதர்களிடமிருந்து எடுத்ததாக நம்பிய பல உயிரணுத் தொடர்களைச் சோதித்தார். எல்லாவற்றிலும் ஜி-6-பி-டியின் ஏ வகை. அது பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமே காணப்படுவது. வெள்ளையர்களிடமிருந்து எடுத்தவை என்று எழுதிவைத்த தொடர்களிலும் அதே வகை. குப்பிக்குக் குப்பி தாவி, எல்லா ஆய்வுக்கூடங்களிலும் புகுந்து, அந்த அம்மாள் பரவியிருந்தார். அறிவியலாளர்கள் இதற்கு வைத்த பெயர் ‘மாசு’. ஒரு கறுப்பினப் பெண்ணின் உயிரணு உயிரோடு இருந்த குற்றத்துக்கு மாசு. கையைச் சரியாகக் கழுவாதவர்கள் யார்?

இந்த நொதியின் குறைபாட்டைக் கண்டுபிடித்த விதமும் அப்படித்தான். மலேரியா மருந்தான பிரிமாகுவின் சிலருக்கு ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துப்போடுவதை இல்லினாய் மாநிலச் சிறையில் கைதிகள்மேல் நடத்திய சோதனையில் பார்த்தார்கள். 1956இல் காரணம் தெரிந்தது: இந்த நொதி அவர்களிடம் குறைவு. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். ஆகவே மகனின் குறைக்கு ‘தாய்வழி’ என்று மருத்துவக் குறிப்பில் எழுதுவது உயிரியல்படி சரி. அந்தச் சொல் வீட்டுக்குப் போனால் என்னவாகும் என்பது வேறு. “உங்க பரம்பரையில இருந்து வந்த சீக்கு.” ஒய் குரோமோசோமின் உதிர்வை யாராவது அப்படித் ‘தந்தைவழிச் சீக்கு’ என்று சம்பந்தி வீட்டில் நின்று கத்தியதுண்டா? இதே நொதிக் குறைபாடு மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றியதால்தான் மலேரியா நாடுகளில் இவ்வளவு பரவலாக நிலைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். குறை என்பது எந்த மண்ணில், எந்தக் கொசுவுக்கு நடுவில் என்பதைப் பொறுத்தது.

இந்த முழுக் கதையையும் ஒரே நொதியில் காட்டு என்றால் நான் எம்டிஎச்எஃப்ஆர் என்பதைக் காட்டுவேன். ஃபோலிக் அமிலத்தை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றித்தருவது இது. டிஎன்ஏ உருவாகவும் அதன்மேல் குறிகள் இடவும் இது வேண்டும். இதன் மரபணு முதலாம் குரோமோசோமில் இருக்கிறது. அதாவது ஆண் பெண் வேறுபாடு பார்க்காது, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. 1995இல் மாண்ட்ரியால் ஆய்வாளர்கள் இதில் ஒரு பரவலான மாற்றத்தைக் கண்டார்கள். 677ஆம் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கும். இரு பிரதிகளிலும் மாறியிருந்தால் நொதியின் வேகம் வெகுவாகக் குறையும். இதை நோய் என்று சொல்லமுடியாது. உலகத்தில் கோடிக்கணக்கானவர்கள் அப்படிப் பிறந்து நன்றாக வாழ்கிறார்கள்.

இந்த ஓரெழுத்தை வைத்து என்ன செய்தார்கள்? கருச்சிதைவு ஆன பெண்களையெல்லாம் இதற்குச் சோதித்தார்கள். இரண்டு முறை கலைந்துபோனவளுக்கு ஆயிரக்கணக்கில் ரூபாய் வாங்கிக்கொண்டு “உங்களுக்கு மரபணு மாற்றம் இருக்கிறது” என்று தாளைக் கொடுக்கிறார்கள். அவள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு தன்னையே நொந்துகொண்டு நடக்கிறாள். அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இலேயே, தொடர் கருச்சிதைவுக்கு இந்தச் சோதனையை எழுதாதீர்கள், அதற்குச் சான்று இல்லை என்று சொல்லிவிட்டது. சோதனைச்சாலையின் விலைப்பட்டியலில் இருந்து அது போகவில்லை. 2001இல் ஒரு ஜெர்மானியக் குழு இதே மாற்றம் குழந்தையில்லாத ஆண்களிடம் அதிகம் காணப்படுவதாக எழுதியது. பிறகு பல நாடுகளிலும் ஆய்வுகள். ஆசிய ஆண்களிடம் தொடர்பு சற்றுத் தெளிவு, மற்றவர்களிடம் மங்கல். விந்தணு உருவாக ஓயாமல் உயிரணு பிரியவேண்டும், அதற்கு டிஎன்ஏ வேண்டும், அதற்கு ஃபோலேட் வேண்டும். ஆகவே கருதுகோள் நியாயமானது. ஆனால் மருத்துவமனையில் அதே எழுத்து அவளிடம் இருந்தால் காரணம். அவனிடம் இருந்தால் ஆராய்ச்சிக்குரிய ஐயம். ஒரே மரபணு, ஒரே எழுத்து. இரண்டு இலக்கணம்.

ஃபோலிக் அமிலம் கருவுறும் பெண்ணுக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை. குழந்தையின் தண்டுவடக் குறைகளை அது பெருமளவு தடுக்கிறது என்று 1991இல் பெரிய ஆய்வு உறுதிசெய்தது. சரி, ஆணுக்கும் அதே மாத்திரையைக் கொடு என்று நான் கொடி பிடிப்பேன் என்று எதிர்பார்க்கிறீர்களா? அதுவும் தப்பு. அமெரிக்காவில் 2,370 ஆண்களுக்கு ஃபோலிக் அமிலமும் துத்தநாகமும் அல்லது வெற்று மாத்திரையும் கொடுத்து ஆறு மாதம் பார்த்தார்கள். 2020இல் முடிவு வந்தது. விந்தின் தரம் கூடவில்லை. குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. உடைந்த டிஎன்ஏ மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. வயிற்றுத் தொந்தரவும் சேர்ந்தது. மருந்துக்கடையில் குதிரைப் படம் போட்டு விற்கும் ‘ஆண்களுக்கான’ டப்பாக்களில் என்னென்ன இருக்கிறது என்று திருப்பிப் பாருங்கள். பழியை அவளிடமிருந்து எடுத்து அவன் ‘ஆண்மை’மேல் போடுவது பெண்ணியம் ஆகாது. அப்போதும் லாபம் லாட்ஜ்காரருக்குத்தான். விந்தணு எண்ணிக்கைக்கும் மனிதனின் மதிப்புக்கும் தொடர்பில்லை என்ற எளிய செய்தி ஆண்களுக்கும் கிடைக்கவேண்டும். வெட்கத்தில் பேசாமல் இருந்து, குடித்து, ஊரைவிட்டு ஓடி, தூக்கில் தொங்கிய ஆண்களையும் நமக்குத் தெரியும்.

அவர்கள் வெட்கப்பட்டு மூடிவைப்பதால் யார் தப்பிக்கிறார்கள் என்று கேட்டால் எனக்கு 1977 நினைவுக்கு வரும். கலிபோர்னியாவில் லேத்ராப் என்ற ஊரில் பூச்சிக்கொல்லி ஆலை. தொழிலாளிகள் சாப்பாட்டு வேளையில் பேசிக்கொண்டிருந்தபோது யாருக்குமே அண்மையில் பிள்ளை பிறக்கவில்லை என்பதைக் கவனித்தார்கள். தனித்தனியாக இருந்தவரை அது அவரவர் வீட்டு ரகசியம். ஒன்றாக எண்ணியபோது ஆதாரம். சோதித்தால் பலரிடம் விந்தணுவே இல்லை. டிபிசிபி என்ற புழுக்கொல்லி காரணம். இது எலிகளின் விதைகளைச் சுருக்குகிறது என்று கம்பெனிகளின் சொந்த ஆய்வே 1961இல் அச்சாகியிருந்தது. பதினாறு ஆண்டு யாரும் தொழிலாளியிடம் சொல்லவில்லை. விஷயம் வெளிவந்தபோது பீச் பழ விவசாயிகளின் அமைப்பு அரசுக்கு எழுதிய யோசனையைக் கேளுங்கள்: இனிப் பிள்ளை வேண்டாம் என்பவர்களை அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாமே! அமெரிக்காவில் தடை வந்தது. அதற்குள் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான ஏழை ஆண்கள் மலடாகியிருந்தார்கள்.

அதே நாட்டில், 1978இல், மேற்கு வர்ஜீனியாவில் ஈயச் சாயம் செய்யும் பிரிவில் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஐந்து பெண்கள் கருத்தடை அறுவை செய்துகொண்டார்கள். ஈயம் கருவுக்கு ஆகாது, ஆகவே பிள்ளை பெறக்கூடிய பெண் இங்கே வேலை பார்க்கக் கூடாது என்பது கம்பெனி விதி. ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்ற பேட்டரிக் கம்பெனி 1982இல் இதே விதியைப் போட்டது. மலடி என்று மருத்துவச் சான்று கொடுத்தால் வேலை உண்டு. ‘மலடி’ சான்றிதழாகப் பயன்பட்ட ஒரே இடம் அதுதான் போலிருக்கிறது. ஈயம் ஆணின் விந்தணுவையும் கெடுக்கும் என்பது அப்போதே தெரியும். ரத்தம் உண்டாகத் தேவையான ஏஎல்ஏடி என்ற நொதியை ஈயம் முடக்குகிறது. அந்த நொதியிலும் பரம்பரை வகைகள் உண்டு. ஒரு வகை ஈயத்தை மற்றதைவிட இறுகப் பிடித்துக்கொள்ளும். ஆண் உடலிலும் அதே நொதிதான், அதே ஈயம்தான். தந்தையாக விரும்புகிறேன், ரத்தத்தில் ஈயம் குறையக் கொஞ்சநாள் விடுப்பு வேண்டும் என்று அங்கே ஓர் ஆண் தொழிலாளி கேட்டார். மறுத்துவிட்டார்கள். பெண்களோடு சேர்ந்து அவரும் வழக்குப் போட்டார். 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. விஷத்தை வெளியேற்றாமல் பெண்ணை வெளியேற்றிய விதி அது.

இனி இதே வேலை மரபணுச் சோதனை வழியாக வரும். உன் நொதி பலவீனம், நீ இந்தப் பிரிவுக்கு லாயக்கில்லை என்று தொழிலாளியிடம் தாளை நீட்டுவார்கள். ஆலையின் காற்றை யாரும் சோதிக்கமாட்டார்கள்.

நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அவள் உடலில் ஊசியோ குழாயோ நுழையும் முன் அவனுடைய விந்துப் பரிசோதனை அறிக்கை கோப்பில் இருக்கவேண்டும். யாருடைய காரணத்துக்காக யார் உடலில் என்ன செய்யப்போகிறார்கள் என்பதை அவளுக்குப் புரியும் தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். ஆணிடம் தொழிலைக் கேட்கவேண்டும். என்னென்ன இரசாயனம், எவ்வளவு வெப்பம், எத்தனை ஆண்டு என்று கேட்கவேண்டும். அவளிடம் மட்டும் கடைசி மாதவிலக்குத் தேதியை ஒவ்வொரு முறையும் கேட்கிறார்கள் அல்லவா, அந்த அக்கறையோடு.

என் மாணவியின் கோப்பை அவள் ஒருநாள் கல்லூரிக்குக் கொண்டுவந்து காட்டினாள். நான்காண்டுத் தாள்கள், இரண்டு அங்குலக் கனம். அவள் கணவர் பதினொரு ஆண்டாகப் பழைய பேட்டரிகளைப் பிரித்து ஈயத் தகடு மாற்றும் பட்டறையில் இருக்கிறார். முதல் பக்கத்தில் ‘கணவரின் தொழில்’ என்ற கோட்டுக்கு எதிரே ‘பிரைவேட்’ என்று எழுதியிருந்தது.